எங்களுக்கு முன்னால் கிளம்பிய பை

சகுனம் பார்க்கிறவர்களை வாய் ஓயாமல் கிண்டல் செய்கிறவர்களைக் கொஞ்சம் உற்றுக் கவனியுங்கள். பூனை குறுக்கே போனால், அவர்களும் செருப்பு வாரைச் சரி செய்கிற சாக்கில் ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் போவார்கள். எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. பெரம்பலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தேன். "கிரகணம்ங்கிறது வெறும் நிழல், அதுக்குப் போய் யாராவது பயப்படுவாங்களா" என்று வகுப்பில் முழங்கிவிட்டு வருவேன். கிரகணம் முடிகிற வரைக்கும் வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டேன். (கேட்டால், "பசிக்கலை அத்தை.")

இந்த இரட்டை வேடம்தான் ஆப்பிரிக்கப் பயணத்தில் என் மானத்தை லாரி ஏற்றி அனுப்பியது.

ஆப்பிரிக்காவுக்கு ஏன் போக நினைத்தோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கல்யாணம் ஆகி ஏழு வருஷத்தில் நானும் என் வீட்டுக்காரர் செல்வமும் மட்டும் தனியாக எந்த ஊருக்கும் போனதில்லை. அவருக்கு அரியலூரில் சிமெண்ட் ஆலை ஆய்வகத்தில் வேலை. என் மாமனார் அரசு பஸ்ஸில் கண்டக்டர். பெரம்பலூர்–அரியலூர் ரூட்டில் அவர் விசில் சத்தத்துக்குத் தெரு நாய்கூட ஒதுங்கும். எங்கள் தேனிலவு கொடைக்கானலுக்கு என்று முடிவானபோது, "புதுசா போறவங்களுக்குப் பஸ் மாத்தத் தெரியாது, எனக்குப் பாஸ் இருக்குல்ல" என்று அவரும் கிளம்பினார். அவரைத் தனியாக விட முடியாது என்று மாமியாரும் கிளம்பினார். கொடைக்கானல் ஏரிக்கு முன்னால் எடுத்த போட்டோவில் நான் மாமியார் பக்கத்தில் நிற்கிறேன், செல்வம் அவர் அப்பா பக்கத்தில் நிற்கிறார். யாருக்கு யார் ஜோடி என்று பார்க்கிறவர்கள்தான் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்.

அதற்குப் பிறகு பழனி, ராமேசுவரம், வேளாங்கண்ணி எல்லாம் போனோம். எல்லாமே குடும்பத்தோடு, எல்லாமே பாஸில். மாமா ரிட்டையர் ஆன பிறகும் பாஸ் மட்டும் ரிட்டையர் ஆகவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் ஜோசப் அண்ணன் வந்தார். வரதராசன்பேட்டைக்காரர், செல்வத்தோடு திருச்சியில் படித்தவர். டான்சானியாவில் இரிங்கா என்ற மலை ஊருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். லீவுக்கு ஊருக்கு வந்தவர் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்.

"தாருஸ்ஸலாம்லேருந்து எங்க ஊருக்கு ஒரு பகல் பூரா பஸ்சு. நடுவுல ரோடு காட்டுக்குள்ள பூந்து போவும். ஜன்னல் பக்கம் உக்காந்தா போதும், ஒட்டகச்சிவிங்கி, யானை, வரிக்குதிரை எல்லாம் ரோட்டோரமா மேஞ்சுகிட்டு நிக்கும்."

மாமா சோற்றில் கை வைத்தபடி நிமிர்ந்தார். "தனியா டிக்கெட் எதுவும் இல்லியா?"

"பஸ் டிக்கெட்டுதாங்க."

"யானை குறுக்க வந்தா?"

"வண்டிய நிறுத்திடுவாங்க."

"நிறுத்தித்தான் ஆவணும்" என்றார் மாமா, தொழில் தெரிந்தவராக.

எனக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை. நானும் செல்வமும் ஒரு பஸ்ஸில், ஜன்னல் பக்கத்தில் நான், அந்தப் பக்கம் ஒட்டகச்சிவிங்கி, பின் சீட்டில் மாமியார் இல்லை. எத்தனை தரம் நினைத்துப் பார்த்தாலும் அந்தக் கடைசிப் பகுதிதான் எனக்கு மிகவும் இனித்தது. எங்கள் ஆறு வயது மகள் மேகலாவைத் தாத்தா பாட்டியிடம் விட்டுவிடலாம். முக்கியமான விஷயம், பஸ் பாஸ் செல்லாத ஒரு தேசத்தை நான் கண்டுபிடித்துவிட்டேன்.

ஏற்கெனவே கட்டிக்கொண்டிருந்த சீட்டை எடுத்தோம். பாஸ்போர்ட் வாங்கினோம். மெட்ராஸுக்குப் போய் மஞ்சள் காய்ச்சலுக்கு ஊசி போட்டுக்கொண்டு வந்தோம். (அதற்கும் மாமா கூட வந்தார். ஊசி மட்டும் போட்டுக்கொள்ளவில்லை.) நான் அந்த வருஷம் முழுக்கத் தாவரங்களின் இனப்பெருக்கம் நடத்தினாலும் வகுப்பை ஆப்பிரிக்காவில்தான் முடித்தேன். சுவாஹிலி வார்த்தைகளைத் தமிழில் எழுதி அடுப்பு மேடைக்கு மேலே ஒட்டி வைத்தேன். மாமியார் அதைப் பார்த்துப் படித்து, வாசலில் வருகிற கீரைக்காரரிடம் "கரிபு, கரிபு" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். வரவேற்கிற வார்த்தை என்று தெரிந்து அவரும் தினமும் ஒரு கட்டு அதிகமாகக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஜோசப் அண்ணனின் மனைவி ஸ்டெல்லா போனில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "எல்லாம் இங்க கெடைக்குது கலா. சின்ன வெங்காயம் மட்டும்தான் இல்ல. நம்மூரு வெங்காயத்துல ஒரு கொழம்பு வெச்சுச் சாப்புட்டு வருசமாச்சு."

பெரம்பலூர்க்காரியிடம் சின்ன வெங்காயம் கேட்பதும் கடலோரத்துக்காரியிடம் உப்பு கேட்பதும் ஒன்றுதானே. "மூட்டையா கொண்டு வரேன்" என்றேன்.

எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. டிக்கெட் வந்தது. வியாழக்கிழமை ராத்திரி பெரம்பலூரில் பஸ் ஏறி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் மெட்ராஸில் விமானம் ஏற வேண்டும். மாமா டிக்கெட்டை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு பஞ்சாங்கத்தை எடுத்தார்.

"ஆப்பிரிக்கா எந்தத் தெச?"

"மேற்கு மாமா."

"வெள்ளிக்கெழம மேக்க சூலம். போவக் கூடாது."

நான் சும்மா இருந்திருக்கலாம். அறிவியல் ஆசிரியை ஆயிற்றே, சும்மா இருக்க முடியுமா? மறுநாள் பள்ளிக்கூடத்திலிருந்து உலக உருண்டையைத் தூக்கிக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்ததில் பக்கத்தில் இருந்த அம்மா "பூசணிக்காயா கண்ணு?" என்று வேறு கேட்டார். வீட்டுக்கு வந்து கூடத்தில் வைத்து, பெரம்பலூர் இருக்கிற இடத்தில் ஒரு விரல், டான்சானியாவில் ஒரு விரல் வைத்துக் காட்டினேன்.

"பாருங்க மாமா, நேர் மேற்கே இல்ல. கொஞ்சம் தெற்கால சாஞ்சு இருக்கு. தென்மேற்கு. உங்க சூலம் இதுக்குச் செல்லாது."

மாமா உருண்டையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். முகம் கவலையாகிவிட்டது.

"அப்ப தெக்கயும் சேந்துருக்கா? வியாழக்கெழம தெக்க சூலம்மா. ஒரு நாள்தான் போச்சுன்னு நெனச்சேன், நீ ரெண்டு நாளையும் கெடுத்துட்டியே."

செல்வம் சிரிப்பை அடக்கிக்கொண்டு பாத்ரூமுக்குப் போய்விட்டார்.

கடைசியில் மாமாவே வழியும் சொன்னார். அதற்குப் பெயர் பரஸ்தானம். பயணம் போகிற நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்னால் வருகிற ஒரு நல்ல நாளில், போகிறவர்களுடைய துணியை ஒரு பையில் போட்டு, போகிற திசையில் இருக்கிற வேறொருவர் வீட்டில் வைத்துவிட வேண்டும். பை கிளம்பினால் ஆளே கிளம்பின மாதிரி கணக்கு. அப்புறம் எந்த நாளில் வேண்டுமானாலும் அந்தப் பையை எடுத்துக்கொண்டு போகலாம்.

"ஒண்ணே ஒண்ணு" என்றார் மாமா. "அந்தப் பை திரும்ப நம்ம வாசப்படி ஏறக் கூடாது. ஏறுனா பயணமே இல்ல."

"இதெல்லாம் நம்புறீங்களா மாமா?" என்று ஒரு சிரிப்புச் சிரித்தேன். மனசு வேறு கணக்குப் போட்டது. ஏழு வருஷத்தில் முதல் தரமாக வாய்த்திருக்கிற பயணம். ஒரு பையை எடுத்து நாலு வீடு தள்ளி வைக்காததால் அது கெட்டுப்போனது என்றால், அதற்கப்புறம் நான் உயிரோடு இருந்து என்ன செய்ய?

திங்கட்கிழமை காலையில் நல்ல நேரம். அத்தை, "மங்கலமா இருக்கட்டும்" என்று எங்கள் கல்யாணத் துணிகளையே பையில் வைத்தார். என்னுடைய அரக்குக் கலர் கூறைப்பட்டு, அதோடு போட்ட ரவிக்கை, செல்வத்தின் பட்டு வேட்டி சட்டை. விமானம் ஏறப் போகிறபோது அதை, பை வைக்கப்போகிற தங்கராசு அண்ணன் வீட்டிலேயே எடுத்து வைத்துவிட்டு, வெறும் பையை மட்டும் கொண்டு போவது என்று நான் மனசுக்குள் திட்டம் போட்டிருந்தேன்.

மூடுகிற நேரத்தில் எனக்கு ஒரு யோசனை வந்தது. துணியை வைத்தால் துணிதானே போகும்? ஆள் போக வேண்டாமா? ஆளை ஆள் என்று சொல்கிறது எது? பாஸ்போர்ட்டு. பரஸ்தானத்திலேயே பலமான பரஸ்தானம் செய்கிறேன் பேர்வழி என்று பாஸ்போர்ட், டிக்கெட், ஊசி போட்ட அட்டை, மாற்றி வைத்திருந்த டாலர் எல்லாவற்றையும் யாருக்கும் தெரியாமல் புடவை மடிப்புக்குள் செருகிவிட்டேன். செல்வத்திடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பாரே. அறிவியல் ஆசிரியைக்கு ஒரு கௌரவம் இருக்கிறதல்லவா?

தங்கராசு அண்ணன் வீடு எங்கள் தெருவின் மேற்குக் கடைசியில். சொந்தமாக ஒரு லாரி வைத்து அவரே ஓட்டுகிறவர். மாமா பையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு முன்னால் போக, நாங்கள் பின்னால் போனோம். அண்ணன் குளித்துவிட்டு நின்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"கவலையே படாதீங்க பெரியப்பா. கண்ட காலு படாத எடத்துல வெக்கிறேன்."

செவ்வாய், புதன் இரண்டு நாளும் வீட்டில் கல்யாணக் களை. பெட்டிகளில் முறுக்கு, பருப்புப் பொடி, புது சுடிதார், செல்வத்துக்குத் தொப்பி, ஸ்டெல்லாவுக்குச் சாக்கில் சின்ன வெங்காயம். வருகிறவர்கள் எல்லாம் பெட்டியைத் தூக்கிப் பார்த்து எடை சொன்னார்கள். வியாழக்கிழமை விடிந்ததும் செல்வம் கேட்டார்.

"கலா, பாஸ்போர்ட்ட எடு. ஒரு தடவ பேரெல்லாம் சரி பாத்துடலாம்."

நான் பெருமையாகச் சிரித்தேன். "அது திங்கட்கிழமையே கிளம்பிடுச்சு."

விஷயத்தைச் சொன்னதும் அவர் சிரிக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டார். நான் வீட்டில் கட்டியிருந்த பழைய மஞ்சள் கறைப் புடவையோடும் ரப்பர் செருப்போடும் அவர் பின்னால் ஓடினேன். தங்கராசு அண்ணன் வீட்டு வாசலில் லாரி நிற்கிற இடத்தில் ஆயில் சொட்டின கறை மட்டும்தான் இருந்தது. அவர் மனைவி சரசு அக்கா கோலம் போட்டுக்கொண்டிருந்தார்.

"பையா? அது வண்டியில இருக்கே" என்றார். "வூட்ல வெச்சா காலு படும், கையி படும், வண்டியில சாமி படத்துக்கிட்ட வெச்சாத்தான் சுத்தமுன்னு கேபின்ல வெச்சாரு. நேத்து சாயங்காலம் திடீர்னு பாலக்காட்டுக்கு வெங்காய லோடு வந்துச்சு. செட்டிகுளத்துல ஏத்திக்கிட்டு அப்படியே போயிட்டாரு. வெங்காயம் அழுவுற சரக்கு, நிக்க முடியாதுல்ல."

வெங்காயம் அழுகுகிற சரக்கோ இல்லையோ, நான் கோலத்திலேயே உட்கார்ந்து அழுதேன்.

விஷயம் தெரிந்து மாமா ஓடி வந்தார். முழுசாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "பாலக்காடு மேக்கதானே? சரியான தெசையிலதான் போயிருக்கு" என்றார். செல்வம் பார்த்த பார்வையில் இரண்டு அடி பின்னால் போய் நின்றார்.

நல்லவேளையாக, லாரி பிரேக் வேலைக்குத் திருச்சியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் நிற்கும் என்று சரசு அக்கா சொன்னார். திருச்சி என்ன, ஸ்கூட்டரில் போனால் மத்தியானத்துக்குள் திரும்பிவிடலாம். செல்வம் ஸ்கூட்டரை எடுத்தார். நான் பின்னால் ஏறினேன். மாமா உள்ளே போய்த் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

"நானும் வரேன். கலா எறங்கட்டும், பொம்பளப் புள்ள எதுக்கு?"

ஏழு வருஷமாக என் தொண்டையில் நின்றது அப்போதுதான் வெளியே வந்தது.

"வேணாம் மாமா. நாங்க ரெண்டு பேரு மட்டும் போறோம்."

தெருவே கேட்டது. அத்தை வாசலில் அப்படியே நின்றார். மாமா என்னைப் பார்த்தார், ஸ்கூட்டரைப் பார்த்தார், அதில் மூன்றாவது ஆளுக்கு இடமில்லை என்பதையும் பார்த்தார். அப்புறம் சட்டைப் பையில் கையை விட்டு, ரிட்டையர் ஆன பிறகும் விடாமல் வைத்திருந்த அந்த விசிலை எடுத்து, நீளமாக ஒரு ஊது ஊதினார்.

"ரைட். போலாம்."

திருச்சி ஒர்க்‌ஷாப்பில் லாரி இல்லை. "வெடியக்காலையே முடிச்சுக் குடுத்துட்டோமே சார். கரூர்ல தார்ப்பாய் வாங்கணும்னாரு." கரூர் என்ன, பஸ்ஸில் போய்விட்டு வந்துவிடலாம் என்று ஸ்கூட்டரை ஸ்டாண்டில் போட்டுவிட்டுப் போனோம். கரூரில் தார்ப்பாய்க் கடைக்காரர், "இப்பத்தான் போறாரு, வாளையார் செக்போஸ்ட்டுல எப்படியும் வண்டி நிக்கும்" என்றார். இப்படி ஒவ்வொரு ஊராக, இதோ இங்கேதான், இதோ அங்கேதான் என்று நாங்கள் கோயம்புத்தூரைத் தாண்டிவிட்டோம். வீட்டில் பூட்டி வைத்த பெட்டிகளுக்கும் எங்களுக்கும் நடுவில் பாதித் தமிழ்நாடு இருந்தது. பெட்டிகளைப் பற்றி அப்போது யாருக்கும் நினைப்பே இல்லை.

வாளையாரில் கேரளாவுக்குள் போகிற லாரிகள் கண்ணுக்கு எட்டுகிற தூரம் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. தேங்காய் நார், கோழி, சிமெண்டு என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நடந்தோம். செல்வத்தின் செருப்பு வார் அறுந்துவிட்டது. சாயங்காலம் ஆகிக்கொண்டிருந்தபோது எனக்கு வாசனை வந்தது. சின்ன வெங்காயம் நல்லெண்ணெயில் வதங்குகிற வாசனை. அதைப் பிடித்துக்கொண்டே போனேன்.

லாரி நிழலில் ஸ்டவ்வை வைத்துக் குழம்பு கூட்டிக்கொண்டிருந்த தங்கராசு அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். கையில் கரண்டி அப்படியே நின்றது.

"அட, வாங்க தங்கச்சி. ஆப்பிரிக்காவுக்கு இந்த வழியாவா போறீங்க?"

கேபினைப் பார்த்தேன். சாமி படத்துக்குப் பக்கத்தில், மல்லிகைச் சரம் சுற்றி, குங்குமப் பொட்டு வைத்து, எங்கள் பை உட்கார்ந்திருந்தது.

"காலையில சூடம் காட்டினேன்" என்றார் அண்ணன். "சாமி படத்துக்குக் காட்டுறப்ப அதுக்கும் சேத்துக் காட்டிடுறது."

பாஸ்போர்ட் உள்ளே இருந்தது என்று சொன்னபோதுதான் அவருக்கு முகம் வெளுத்தது. அப்புறம் அவர் எங்களை விடவே இல்லை. லாரிச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார வைத்து, வாழை இலைத் துண்டில் சோறு போட்டு, வெங்காயக் குழம்பு ஊற்றினார். அதைப் போல ஒரு குழம்பை நான் அதற்கப்புறம் சாப்பிட்டதில்லை. பாதிக் குழம்பை என் புடவையும் சாப்பிட்டது.

சாப்பிடும்போது செல்வம் கணக்குப் போட்டார். பெரம்பலூருக்குத் திரும்பிப் போய்ப் பெட்டியை எடுத்தால் விமானம் போய்விடும். கோயம்புத்தூரிலிருந்து மெட்ராஸுக்கு ராத்திரி ரயில் இருக்கிறது.

"இப்படியே போயிடலாமா?" என்றார்.

"இப்படியேன்னா?"

"இப்படியேதான். பெட்டி இல்லாம."

அவர் முகத்தைப் பார்த்தேன். சிமெண்ட் ஆலையில் மாவு மாதிரி பொடியைப் பார்த்துப் பார்த்து ஒரு மாதிரி ஆகிப்போயிருந்த அந்த முகத்தில், முதல் தடவையாகக் காலேஜ் பையன் களை தெரிந்தது. எனக்கு அப்போது வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. "போலாங்க" என்றேன்.

அண்ணன் பையை எங்கள் கையில் கொடுக்கிறதுக்கு முன்னால் அதை எடுத்துக்கொண்டு லாரிக்குப் பின்னால் போய்விட்டு வந்தார். கனமாக இருந்தது. ஏன் என்று பார்க்கத் தோன்றவில்லை.

கோயம்புத்தூரில் ஒரு எஸ்.டி.டி. பூத்திலிருந்து வீட்டுக்குத் தகவல் சொல்லிவிட்டு ரயில் ஏறினோம். ரயிலில் கூட்டம். அதுவும் ஊர்ந்து ஊர்ந்து, வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு மெட்ராஸ் போய்ச் சேர்ந்தது. துணி வாங்கக் கடைக்குப் போக நேரம் இல்லை, நேராக ஆட்டோ பிடித்து விமான நிலையம். என் புடவையில் மஞ்சள், குழம்பு, கிரீஸ். அவர் சட்டையில் லாரிச் சக்கரத்தின் அச்சு. "இப்படியே போனா வாசல்லயே நிறுத்திடுவாங்க" என்றார் அவர். இரண்டு பேரும் பையைப் பார்த்தோம்.

விமான நிலையப் பாத்ரூமில் ஒரு ஊக்குகூட இல்லாமல் கூறைப்பட்டுக் கட்டியிருக்கிறீர்களா? கல்யாணத்தன்று நாலு பேர் கட்டிவிட்ட புடவை அது. ரவிக்கை ஏழு வருஷத்துக்கு முந்தினது. நான் ஏழு வருஷத்துக்குப் பிந்தினவள். தையல் பிரித்துவிட இடம் வைத்துத் தைத்த டெய்லரை வாழ்த்திக்கொண்டே ஒவ்வொரு நூலாகப் பல்லால் கடித்துப் பிரித்தேன். வெளியே வந்தால் பட்டு வேட்டி, பட்டுச் சட்டை, வார் அறுந்த செருப்புக்குச் சணல் கயிற்றோடு என் மாப்பிள்ளை நிற்கிறார். எங்கள் இருவர் மேலும் சூடமும் வெங்காயமும் கலந்து மணத்தது.

பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துகிறவர் அதில் ஒட்டியிருந்த குங்குமத்தைச் சுரண்டிக்கொண்டே எங்களை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் சிரித்தார்.

"ஹனிமூனா?"

செல்வம், "இல்ல சார், எங்களுக்கு ஏழு வருஷம்..." என்று ஆரம்பித்தார். நான் ரப்பர் செருப்பால் அவர் காலை மிதித்தேன்.

"ஆமாங்க சார்" என்றேன். "ஹனிமூன்தான்."

பம்பாய், நைரோபி, தாருஸ்ஸலாம் எல்லாம் பட்டுப்புடவையிலேயே தாண்டினோம். மறுநாள் விடிகாலை இரிங்கா பஸ்ஸில் ஜன்னல் பக்கம் நான் உட்கார்ந்தேன். அந்த ஊர்க் கண்டக்டர் பஸ்ஸின் பக்கவாட்டுத் தகரத்தை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டி, "த்வெண்டே" என்று கத்தினார். போலாம் என்று அர்த்தமாம். எனக்கு மாமா ஞாபகம் வந்தது. வரவேண்டாம் என்று சொன்னவள்தான், வந்திருந்தால் இந்தக் கண்டக்டரோடு எவ்வளவு பேசியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

வழியில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறுகிறவர்கள் எங்களையே பார்த்தார்கள். முன் சீட்டில் இருந்த ஒரு அம்மா ஏதோ கேட்டார், எனக்குத் தெரிந்த ஒரே பதிலாக "அசாந்தே, அசாந்தே" என்று நன்றி சொன்னேன். அவர் உடனே திரும்பி எல்லாரிடமும் சத்தமாக எதையோ சொன்னார். அவ்வளவுதான், பஸ்ஸில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டார்கள். நம்மூர் மாரியம்மன் கோயிலில் போடுகிற அதே குலவை. பக்கத்து ஆட்கள் செல்வத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அவர் வெட்கத்தில் பட்டுச் சட்டைக் காலரைச் சரி செய்தார். என் கல்யாணத்திலேகூட அவர் அவ்வளவு வெட்கப்படவில்லை.

அந்தக் குலவை அடங்குவதற்குள்தான் ரோட்டோரத்தில் அவை நின்றன. மூன்று ஒட்டகச்சிவிங்கிகள். மர உச்சியை மேய்ந்துகொண்டே திரும்பி எங்களைப் பார்த்தன. நான் செல்வத்தின் கையைப் பிடித்தேன். பின் சீட்டைத் திரும்பிப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லாமல் பிடித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. (வெங்காயம் என்று சொல்லிச் சமாளித்தேன்.)

ஜோசப் அண்ணன் பஸ் நிறுத்தத்துக்கு வந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். ஸ்டெல்லா பையைத் திறந்து பார்த்தார். அடியில் தங்கராசு அண்ணன் அள்ளிப் போட்டிருந்த சின்ன வெங்காயம். அதைக் கையில் எடுத்து முகர்ந்தார். உரிக்க உட்கார்ந்துவிட்டார்.

ஜோசப் அண்ணன் ஆறடி, அவர் சட்டைக்குள் செல்வம் தொலைந்துபோனார். ஸ்டெல்லாவின் ரவிக்கையைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது. சந்தைக்குப் போய்த் துணி வாங்குவதற்குள், அண்ணன் தன் கேமராவில் இருந்த பிலிம் ரோலை எங்களை வைத்தே தீர்த்துவிட்டார். பள்ளிக்கூடத்து வாசலில் நாங்கள், தேயிலைத் தோட்டத்தில் நாங்கள், பிள்ளைகள் பூக்கொத்து கொடுக்க நாங்கள், ஊர்ப் பெரியவர்கள் நடுவில் நாங்கள். எல்லாவற்றிலும் கூறைப்பட்டு, எல்லாவற்றிலும் ரப்பர் செருப்பு. மீதி நாட்களில் சந்தைத் துணியில் மலை மலையாகச் சுற்றினோம். சாயங்காலங்களில் பாறை மேல் உட்கார்ந்து, ஏழு வருஷமாகப் பேசாமல் விட்டதை எல்லாம் பேசினோம். அதற்கு ஒரு போட்டோவும் கிடையாது.

ஊருக்குத் திரும்பியதும் மாமா கேட்ட முதல் கேள்வி, "பரஸ்தானம் வெச்சது பலிச்சுதா இல்லியா?" பை மேற்கே போனது, ஆள் மேற்கே போனோம். அறிவியல் ஆசிரியை, "பலிச்சுது மாமா" என்று ஒத்துக்கொண்டாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் அரியலூருக்குக் கிளம்பினாலும், "பை முன்னாடியே போயிடுச்சா?" என்று கேட்காமல் யாரும் வாசல் தாண்ட விடுவதில்லை. தங்கராசு அண்ணன் இன்னும் கேட்கிறார்.

போன மாதம் மேகலாவைப் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். பேச்சுவாக்கில் வேப்பந்தட்டைக்கார சம்பந்தியம்மா அலமாரியிலிருந்து ஆப்பிரிக்க ஆல்பத்தை எடுத்துப் புரட்ட ஆரம்பித்தார். பக்கம் திருப்பத் திருப்ப அவர் புருவம் ஏறிக்கொண்டே போனது.

"இதென்னங்க, உங்க கல்யாணம் ஆப்பிரிக்காவுலயா நடந்துச்சு?"

நான் வாயைத் திறப்பதற்குள், நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டிருந்த மாமா கண்ணைத் திறந்தார்.

"ரெண்டு தடவ நடந்துச்சுங்க" என்றார். "மொத கல்யாணத்துக்கு நாங்க எல்லாரும் போயிருந்தோம். ரெண்டாவதுக்குத்தான் மருமவ எங்களக் கூப்புடல."